இருநூற்றுப் பதினைந்தின் கீழ் எழுபத்தைந்து

ஸ்ரான்லி வீதியில் இஞ்ஞாசியின் கடை.
ரப்பர் மணம் ஆளுக்கு முன்னமே வாசலுக்கு வந்துவிடும்.
"மிஸ், இதைப் போட்டால் உங்கட ஜிம்னி சிங்கம்"
என்று உருட்டிக்கொண்டு வந்தார்.
சிங்கம் என்ற சொல்லுக்கு இரண்டுபேரும் சிரித்தோம்,
ஏன் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

இருநூற்று முப்பத்தைந்து.
பக்கத்தில் வெள்ளை எழுத்து, கரையெல்லாம் பெரிய பெரிய பல்.
என் தொடையில் முட்டிக்கொண்டு நின்றது,
தீனுக்கு வந்த கிடாய் மாதிரி.

என்ர வேலை கிணறு.
அம்பன், குடத்தனை, மணற்காடு, நாகர்கோவில்:
எந்தக் கிணற்றில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கு என்று பார்ப்பது.
பின்சீற்றில் இருபத்துநாலு கண்ணாடிப் போத்தல்.
போகிற வழியெல்லாம் தார்.
கடைசி முந்நூறு யார்தான் மணல்.
இத்தனை பேச்சும் அந்த முந்நூறு யாருக்காக.

போன ஆவணியில் அங்கேதான் புதைந்தேன்.
கரைவலையை விட்டுவிட்டு ஐந்துபேர் வந்து தள்ளினார்கள்.
ஒருவர் ரயரைக் காலால் தட்டிப் பார்த்து,
"இது கலியாண வீட்டுக்குப் போடுற சப்பாத்தெல்லோ" என்றார்.

கடைச் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில்
அலோய் றிம்கள் தொங்கின.
பதினேழு அங்குலம் ஒன்று. பெரிய றிம், மெல்லிய ரப்பர்;
மோதிரம் போட்ட விரல் போல வடிவுதான்,
கல்லில் முட்டினால் நேரே எலும்பு.
என் போத்தல்கள் பின்சீற்றிலிருந்து
வேண்டாம் என்று கிலுங்கின. (கிலுங்கியிருக்கும்.)
இன்னொன்று இரண்டு விரல் வெளியே தள்ளி நிற்கும்,
மாரியில் சேறு முழுக்கக் கதவுக்கு.

துவாரகன் ஜக்கைப் போட்டு முன்சில்லைக் கழற்றி
முப்பத்தைந்தை மாட்டினான்.
ஸ்ரியறிங்கை முழுக்க வெட்டினேன்.
கர்ர்ர்.
"மட்காட்டில கொஞ்சம் அரிஞ்சா சரி."
அதற்குப் பிறகு?
"பம்பர்ல கொஞ்சம்."
அதற்குப் பிறகு அவர் தலையைச் சொறிந்தார்.

இருநூற்றுப் பதினைந்தின் கீழ் எழுபத்தைந்து கேட்டேன்.
வந்தது. கன்னங்கரேல் என்று பொலிஷ்.
குந்தியிருந்து, பக்கத்தில் பொறித்த நாலு எண்ணைத் தேடினேன்:
மூன்று நாலு ஒன்று ஐந்து.
இரண்டாயிரத்துப் பதினைந்து, முப்பத்துநாலாம் கிழமை.
நரைக்கு மை பூசிக்கொண்டு
பெண்பார்க்க வந்து நிற்கிறது.
ஒன்றும் சொல்லாமல் எண்ணின்மேல் விரலை வைத்தேன்.
இஞ்ஞாசி உள்ளே போய்ப்
போன வருடத்துப் பிள்ளைகள் நாலைக் கொண்டுவந்தார்.

றிம் பழையதுதான், இரும்பு.
ஆனாலும் எழுதவேண்டும்:
வெண்கல நிற அலோய் ஒன்றைக் கையால் தடவினேன்,
இரண்டுதரம்.
விலை கேட்டேன், ஒருதரம்.
வருகிற வழியில் அதே நிறத்தில் ஒரு தகரம் பெயின்ற்.
ஞாயிறு பின்னேரம், பழைய வலம்புரிப் பேப்பர் விரித்து,
நாலு றிம்முக்கும் நானே அடித்தேன்.
நாலாவதில் கொஞ்சம் வழிந்திருக்கிறது.
அது உட்பக்கம் பார்த்து ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது மணற்கும்பி தொடங்குகிற இடத்தில் இறங்கி
காற்றைப் பதினெட்டுக்கு விடுகிறேன்.
சில்லு பாதம் விரித்து, வெறுங்காலோடு நடக்கிறது.
வலைக்காரர் தலை நிமிர்த்தவே இல்லை;
அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டியதில்லை.

ஒரு கணக்கு மட்டும் உதைக்கிறது.
சில்லு பெருத்தால் சுற்று குறையும்;
மீற்றருக்கு இது தெரியாது,
பழைய சில்லையே நம்பிக்கொண்டிருக்கிறது.
எண்பது என்று அது காட்டும் நாளில்
எண்பத்துநாலு ஓடியிருப்பேன்.
கந்தோர் எண்பதுக்குத்தான் காசு தரும்.
இலிகிதரிடம் விளக்கினேன்.
"படிவத்தில அதுக்குக் கூடு இல்லை, பிள்ளை."

சரி.
யார் கணக்கிலும் இல்லாத நாலு கிலோமீற்றர்.
அதை நான் வல்லைவெளியில் செலவழிக்கிறேன்,
இரண்டு கண்ணாடியையும் இறக்கிவிட்டு,
உவர்க்காற்று போத்தல் வாய்களில் ஊத,
அறுபது என்று மீற்றர் சொல்ல
அறுபத்துமூன்றில்.